பிடி அரிசிக் கலயம்

விருதுநகரில் எங்கள் வீட்டு அடுக்களையின் மூலையில் ஒரு மண்கலயம் இருந்தது. உலைக்கு அரிசியை அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அக்கலயத்தில் போட்ட பின்னரே அம்மா அரிசியைக் களைவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசல் மதரஸாவிலிருந்து ஒரு சிறுவன் பையுடன் வந்து அதை வாங்கிச் செல்வான். அளந்த அரிசியே போதாத நாள்களிலும் அந்தப் பிடி தவறியதில்லை. “சாப்பிட்ட பிறகு மிஞ்சினால் கொடுக்கலாமே” என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். “மிஞ்சுவது என்று ஒன்று எந்த வீட்டிலப்பா இருக்கிறது?” என்றார்கள்.

இவ்வழக்கம் நம்மவர் வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. இவ்வூர் விருதுப்பட்டியாக இருந்த காலத்தில், 1889இல், நாடார் உறவின்முறையினர் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினர். வணிகர்கள் தங்கள் சரக்கின்மேல் தாங்களே விதித்துக்கொண்ட மகமையும், வீடுதோறும் நாளொரு பிடியாகத் திரண்ட அரிசியும் அப்பள்ளியைத் தாங்கின. ஆறு வயதில் தந்தையை இழந்த காமராசர் சிறுவனாகப் படித்தது அங்கேதான். உண்டது போக எஞ்சியதைத் தாருங்கள் என்று கேட்டிருந்தால் அப்பள்ளி ஓராண்டு நடந்திருக்குமா என்பது ஐயமே.

இவ்வளவையும் பார்த்து வளர்ந்த நான் கற்றிருக்க வேண்டியதைக் கற்கவில்லை.

1979இல் சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அதிகாலைப் பேருந்தில் ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் போய் இரவில் திரும்புவேன். ஆடிப் பதினெட்டன்று மறு ஆண்டிற்கான மாதிரி ஆல்பம் வெளியாகிவிடும். ஊரார் நடப்பாண்டில் இருக்க, நாங்கள் வரப்போகும் ஆண்டின் தாள்களை எண்ணிக்கொண்டிருப்போம். அப்படிப்பட்ட தொழிலில் இருந்தவனுக்கு ஆண்டுகள் கழிந்தது தெரியாமற் போனது வேடிக்கைதான்.

அத்தா மவுத்தான பின் அம்மாவுக்கு இருந்த ஆசை ஒன்றே: ஹஜ். ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பார்கள். கடலையே கண்டிராத அவர்களுக்குக் கப்பலைப் பற்றி அத்தனை கேள்விகள்! மஹ்ரமாக உடன் செல்ல வேண்டியவன் நான் ஒருவனே. ஆகவே இருவருக்கான பணம் சேர வேண்டும். தீபாவளிக்கு அச்சகத்தில் போனஸ் தருவார்கள். அதை ஆண்டுதோறும் அப்படியே எடுத்து வைப்பதென்று முடிவு செய்தேன்.

முதலாண்டு போனஸ் கூரை மாற்றச் செலவாயிற்று. மறு ஆண்டு தங்கையின் மாப்பிள்ளை வீட்டுச் சீர். பிறகு சைக்கிள், பிறகு குழந்தைக்கு மருத்துவம், 1987இல் தொலைக்காட்சிப் பெட்டி. நான் ஊதாரி அல்லன். பீடி, சினிமா, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. தொலைக்காட்சியைத் தவிர, எந்தச் செலவையும் வீண் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. கெட்ட செலவாக இருந்திருந்தால் மனம் உறுத்தியிருக்கும். ஒவ்வொன்றும் நியாயமாக இருந்ததால், “வரும் ஆண்டு, இன்ஷா அல்லாஹ்” என்று கூசாமல் சொல்ல முடிந்தது. இறைவனின் நாட்டத்தை என் சோம்பலுக்குத் திரையாக்கிக்கொண்டேன். அம்மா ஒருமுறையும் கடிந்துகொள்ளவில்லை.

என் மச்சான் பட்டாசு ஆலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்தார். காலையில் கலக்கிய மருந்தை அன்றைக்கே செலுத்தி முடிக்க வேண்டும், மீதியை இரவு தங்கவிடக் கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர். அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் எவரும் தொடாமலே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஆட்கள் களைத்துப்போய், “கொஞ்சம்தானே அண்ணாச்சி, காலையில் பார்ப்போம்” என்பார்களாம். “மீந்த மருந்து நாளைக்கு நம்ம பேச்சைக் கேக்காது மச்சான்” என்று அவர் என்னிடம் ஒருநாள் சொன்னபோது, ஆலைச் செய்தியாகவே அதைக் கேட்டுக்கொண்டேன்.

1993இல், ரமலானுக்குச் சில நாள்கள் முன்னர், அம்மா மவுத்தானார்கள். 1995உடன் பம்பாய்க் கப்பலும் நின்றுபோயிற்று.

பணி ஓய்வுப் பணத்தில் 2014இல் நான் ஹஜ்ஜுக்குச் சென்றேன். விமானத்தில் சில மணி நேரம், அவ்வளவே. கஅபாவை முதன்முதலாகக் கண்டவுடன் கேட்கும் துஆவுக்காக எவ்வளவோ மனப்பாடம் செய்து போயிருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. பின்னர் ஓர் ஆலிமைக் கொண்டு அம்மாவுக்காகப் பதல் ஹஜ் செய்வித்தேன். அதன் நன்மை அவர்களைச் சேரும் என்ற நம்பிக்கை எனக்குண்டு. ஆயினும் அம்மா கேட்டது நன்மையை மட்டுமன்று. தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள்.

சிறிதாயினும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டவன் நான். அம்மா நாள்தோறும் அதைச் செய்துகாட்டினார்கள். நானோ ஒரே தொகையாகப் பெரிதாகச் சேர்க்கக் காத்திருந்தேன். சம்பளம் கைக்கு வந்த அன்றே, கடைப் பாக்கிக்கும் முன்னதாக, ஐந்து ரூபாயை எடுத்து வைத்திருந்தால் பயணத்துக்குப் போதுமான தொகை சேர்ந்திருக்குமோ என்னவோ. ஆனால் எடுத்து வைக்கும் கை உருவாகியிருக்கும். போனஸ் வந்தபோது அந்தக் கை சும்மா இருந்திராது.

இப்போது என் மகன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். சம்பள நாளில் நான் இதைச் சொல்லத் தொடங்கினால், “அடுத்த மாதத்திலிருந்து, அத்தா” என்கிறான். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆகவே மேலே பேசுவதில்லை. மருமகள்தான் ஒருநாள் பரணிலிருந்து அம்மாவின் கலயத்தை இறக்கிக் கழுவி அடுப்படியில் வைத்தாள். அரிசி வாங்க மதரஸாவிலிருந்து இப்போது எவரும் வருவதில்லை. மாதம் ஒருமுறை அவளே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நேற்று அவள் இல்லாத நேரத்தில் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது.