தொப்பூர் இறக்கத்துக்கு எத்தனையாவது கியர்?

நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பழைய லாரி டிரைவர்களைக் கேட்டால், பலரும் வண்டி பழகியது கிளீனர் சீட்டில்தான் என்பார்கள். தார்ப்பாய் கட்டுவது, டயரைத் தட்டிக் காற்றுப் பார்ப்பது, பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கை காட்டுவது எல்லாம் சம்பளத்துக்கான வேலை. டிரைவரின் இடது கை எப்போது கியர் ராடுக்குப் போகிறது என்று கவனிப்பதுதான் படிப்பு.

ஓசூரில் பாதி லோடு இரும்புச் சாமான் ஏற்றிக்கொண்டு நாமக்கல் திரும்பிக்கொண்டிருந்த பத்துச் சக்கர லாரியில் அப்படி ஒரு பையன் இருந்தான். கார் ஓட்டத் தெரியும். கனரக வண்டிக்குப் பழகுநர் உரிமமும் கையில் இருந்தது. சரக்கு வண்டி ஓட்டச் சட்டப்படி 20 வயது ஆகியிருக்க வேண்டும்; இலகுரக உரிமம் எடுத்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனையை மத்திய அரசு 2019-ல் எடுத்துவிட்டது.

காவேரிப்பட்டினம் தாண்டி, சாலை நேராகக் கிடந்த இடத்தில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். எல் போர்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"ஆக்ஸிலேட்டரத் தொடாத. கிளட்ச மட்டும் மெதுவா விடு."

கார் பழகியவனுக்கு இது நம்பும்படியாக இல்லை. ஆனாலும் விட்டான். கிளட்ச் பாதி வந்ததும் கேபின் லேசாக அதிர்ந்தது. வண்டி தானாக நகர்ந்தது. டீசல் இன்ஜினின் இழுவிசை குறைந்த சுற்றிலேயே கிடைத்துவிடும். முதல் கியரில், சமதரையில், லோடோடு நகர அதுவே போதும். டேஷ்போர்டில் சுற்றுகளைக் காட்டும் மீட்டரில் ஒரு பச்சைப் பட்டை இருக்கிறது. முள் அதற்குள் நிற்கும்வரை இன்ஜின் சுகமாக இழுக்கிறது என்று பொருள். பையனுக்கோ இன்ஜின் கத்திய பிறகு கியர் மாற்றித்தான் பழக்கம். முள் பட்டையைத் தாண்டியபோதெல்லாம் டிரைவர் மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டினார்.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது அவசரப்பட்டான். ராடு உள்ளே போக மறுத்தது.

"அதோட சண்டை போடாத. நியூட்ரல்ல ஒரு மூச்சு நிறுத்து. அதுவே உள்ள இழுத்துக்கும்."

அந்த ஒரு மூச்சு நேரத்தில் கியர் பெட்டிக்குள் வேகமாகச் சுற்றும் பற்சக்கரம் கொஞ்சம் தணிகிறது. அடுத்த கியரின் வேகத்தோடு ஒத்துப்போகிறது. இப்போதைய வண்டிகளில் இந்த வேலையைச் சிங்க்ரோமெஷ் என்ற வளையம் செய்துவிடுகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்சன் உருவாக்கிய இந்த அமைப்பு, 1928-ல் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. லாரிகளுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. டிரைவர் தொழில் பழகிய வண்டியில் அது கிடையாது. கியரைக் குறைக்க வேண்டுமென்றால் கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட வேண்டும். இதற்கு டபுள் கிளட்ச் என்று பெயர். கணக்குத் தப்பினால் பல் உரசும் 'கரக்' சத்தம் ரோட்டோரக் கடைவரை கேட்கும்.

தர்மபுரி தாண்டியதும் டிரைவர் ஸ்டியரிங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்து வருவது தொப்பூர் கணவாய்.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு லாரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டும் இடம் இது. பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கு நீண்ட இறக்கம், இடையிடையே வளைவு. விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களும், இன்ஜினையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. குறைந்த கியரில் போகச் சொல்லி வழிநெடுக எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே டிரைவர் மூன்றாவது கியருக்கு வந்துவிட்டார். ஒரு மலையை எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது லாரித் தொழிலில் பழைய கணக்கு. அடுத்து எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டார். புகைபோகும் வழியை ஒரு வால்வு அடைத்துக்கொள்ள, உள்ளே நெருக்கிய காற்றோடு மல்லுக்கட்டி இன்ஜின் உறுமியது. வேகம் கட்டுக்குள் நின்றது. கால் பிரேக்கை எப்போதாவதுதான் தொட்டார். தொட்டபோதும் அழுத்திக் குறைத்துவிட்டு உடனே விட்டார். லேசாக மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறிவிடும். சூடேறிய பிரேக் பிடிக்காது.

நியூட்ரலில் இறங்கினால் என்ன ஆகும் என்று பையன் கேட்டான். டிரைவர் பதில் சொல்லாமல் காற்றழுத்த மீட்டரைக் காட்டினார். ஏர் பிரேக்குக்கான காற்றைச் சேர்ப்பது இன்ஜினோடு ஓடும் கம்ப்ரஸர். இன்ஜினை அணைத்தால் புதிய காற்று வராது; ஒவ்வொரு மிதிக்கும் முள் இறங்கும். பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். இன்ஜின் ஓடினாலும், நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக்கால் பயனில்லை. அது இன்ஜினைத்தான் பிடிக்கிறது. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு கியர் வழியாகத்தான். பயந்துபோய் நடுவில் கியர் போடப் பார்த்தால், சக்கரம் வேகமாகவும் இன்ஜின் மெதுவாகவும் சுற்றும் நிலையில் ராடு உள்ளே போகாது. சிங்க்ரோமெஷ் இருந்தாலும் அவ்வளவு வித்தியாசத்தைச் சரிக்கட்ட அதனால் முடியாது.

மிச்சமாகும் என்கிற டீசல் கணக்கும் இன்றைய வண்டியில் தப்பு. கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டு இன்ஜின் டீசலையே நிறுத்திவிடும். சுழலும் சக்கரங்கள் இன்ஜினைச் சுற்ற வைக்கும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் குடித்துக்கொண்டே இருக்கும்.

பின்னால் வந்த ஒரு கார்க்காரர் விடாமல் ஹாரன் அடித்து, ஒதுங்கி, முறைத்துவிட்டுப் போனார். டிரைவர் கியரை மாற்றவில்லை.

கணவாய் முடிந்து சாலை விரிந்ததும் இடம் மாறிக்கொண்டார்கள். ஓமலூர் நெருங்கும்போது முன்னால் ஒரு டவுன் பஸ் சட்டென்று நின்றது. பையன் பிரேக்கைத் தொட்டு, ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று என்று வந்தான். நான்கு சுத்தமாக விழுந்தது. மூன்று கொஞ்சம் இடித்தது.

"நாளன்னைக்குப் பெங்களூருக்கு லோடு இருக்குது. ஓமலூர் வரைக்கும் நீயே ஓட்டு" என்றார் டிரைவர்.

"என்ன லோடுங்கண்ணா?"

"முட்டை."

பையன் ஒரு விநாடி திரும்பிப் பார்த்தான்.

"ஏன், எப்பவும் இரும்பே ஏத்துவாங்கன்னு நெனச்சியா? ரோட்டப் பாரு."