அம்மம்மாவின்ர றிமோட்

2025 தைப்பொங்கலுக்கு நெடுந்தீவுக்குப் போன படகில் எங்கட மடியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அன்ட்ரொயிட் பெட்டி. குறிகட்டுவானில் இருந்து வெளிக்கிட்டால் ஒரு மணித்தியாலக் கடல். தண்ணி அடிச்சு நனைஞ்சிடும் எண்டு அதை இரண்டு சொப்பிங் பாக்கில் சுத்தி, மாறி மாறி மடியில் வைச்சுக்கொண்டு போனோம். பக்கத்தில் அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் ஒரு மோட்டார் சைக்கிளும் வந்தன. அம்மம்மா வீட்டு டிஷ்ஷை வெட்டப் போகிறோம் எண்ட பெருமை எங்களுக்கு.

நாங்கள் எண்டால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்த ஆள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், நடு ஆள் ஏ.எல். எழுதிப்போட்டு றிசல்ற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசி ஆள் பள்ளிக்கூடம். எழுதுகிறது மூத்த ஆள்தான். ஆனால் பழியை மூன்றாகப் பிரிப்பது எண்டு வீட்டில் முடிவு.

வெட்டுவதற்கு எங்களிடம் நல்ல நியாயங்கள் இருந்தன. 2022க்குப் பிறகு எல்லாம் விலை கூடினது போல டிஷ்ஷுக்குக் கட்டுற காசும் கூடியது. வரிசையாக எத்தனையோ சனல்கள், அம்மம்மா பார்க்கிறது ஐந்தோ ஆறோ. அதோடு உப்புக்காத்து. டிஷ்ஷைத் தாங்குற இரும்பு கறள் பிடிச்சு, சோளகம் தொடங்கினால் ஆடும், ஆடினால் சிக்னல் போகும். திருத்துறவர் கடல் கடந்து வரவேணும். ஒரு வீட்டுக்காக ஆர் வருவார்? தீவில் நாலைஞ்சு முறைப்பாடு சேர்ந்த பிறகுதான் வருவார். ஒருமுறை பதினெட்டு நாள் அம்மம்மா ரீவி இல்லாமல் இருந்தா. அந்தப் பதினெட்டு நாளுக்கும் காசு மட்டும் ஒழுங்காக வெட்டுப்பட்டது.

உலகமும் எங்கட பக்கம்தான் நின்றது. அமெரிக்காவில் 2022 ஜூலையில் முதல்தடவையாக கேபிளை விட ஸ்ட்ரீமிங்கைக் கூட நேரம் பார்த்தார்கள் எண்டு நீல்சன் நிறுவனம் கணக்குச் சொன்னது. 34.8 வீதம், கேபிள் 34.4. (அந்த ஜூலையில் நாங்கள் பெற்றோல் வரிசையில் நிண்டு கொண்டிருந்தோம், அது வேற கதை.) 2025 மே மாதத்தில் ஸ்ட்ரீமிங் மட்டும் கேபிளையும் அன்ரெனா ஒளிபரப்பையும் சேர்த்த தொகையை மிஞ்சிவிட்டது. இப்படியான செய்திகளை வாசிச்சு வாசிச்சு, டிஷ் வைச்சிருக்கிறவர்கள் ஏதோ பிந்தி நிற்கிறவர்கள் எண்ட எண்ணம் எங்களுக்குள் எப்படியோ வந்திட்டுது.

அம்மாவுக்குத்தான் ஆரம்பத்தில் இருந்தே யோசனை. "உங்களுக்கு ரீவி எண்டா என்னெண்டு தெரியாது" எண்டு சொல்லுவா. அவவின்ர சின்ன வயதில் யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரைகளில் நீட்டு நீட்டுக் குழாய் கட்டி அன்ரெனாவை இந்தியாப் பக்கம் திருப்பி வைச்சிருப்பினமாம். வெள்ளிக்கிழமை இரவு தூரதர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஒழுங்கை முழுக்க ஒரு வீட்டில் கூடுமாம். ஒராள் கூரையில், ஒராள் முற்றத்தில், ஒராள் ரீவிக்கு முன்னால். "இப்ப சரியோ?" "இல்லை, இன்னும் கொஞ்சம்!" பிறகு 1990இல் மின்சாரம் போனது, சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்டார்கள். ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடியும்வரைக்கும் மூன்று படம் போடுவார்களாம். மூன்றாவது படத்தில் பாதிப்பேர் பாயில் நித்திரை. அம்மா இந்தக் கதையை ஏன் அந்த நேரத்தில் திரும்பத் திரும்பச் சொன்னா எண்டு எங்களுக்கு மார்ச் மாதம்தான் விளங்கியது.

பெட்டியைப் பூட்டின அன்று எல்லாம் திறமாக நடந்தது. போன் ஹொட்ஸ்பொட்டில் இணைச்சு, யூரியூப்பில் 'திருவிளையாடல்' போட்டுவிட்டோம். இடையில் விளம்பரம் வந்தாலும் அம்மம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. அடுத்த நாள் அவவுக்கென்று ஒரு றவுட்டர், சிம், மாதப் பக்கேஜ். டிஷ் பெட்டியைக் கழட்டி, வயரைச் சுருட்டி, அலுமாரிக்கு மேல வைச்சோம். படகு ஏறும்போது "எல்லாம் விளங்கினதோ அம்மம்மா?" எண்டு கேட்டோம். "ஓம் ஓம், நல்லாத்தான் இருக்கு பிள்ளையள்" எண்டா.

நாங்கள் பார்க்காமல் விட்டவை எவ்வளவு எண்டு பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

முதலில் டேற்றா. பெரிய எழுத்தில் போட்டிருந்த ஜீபீக் கணக்கில் ஒரு பெரும்பங்கு இரவுக்கு மட்டும் உரியது. நடுச்சாமத்துக்குப் பிறகு ஆர் நாடகம் பார்க்கிறது? ஒன்பது மணிக்குப் படுக்கிற மனிசி அவ. சாதாரணத் தெளிவில் ஒரு மணித்தியாலம் பார்த்தாலே ஒரு ஜீபீ வரைக்கும் போகும், எச்.டி. எண்டால் மூன்று. பெட்டி தானாகவே தெளிவைக் கூட்டிக்கொள்ளும், அதைக் குறைச்சு விடவேணும் எண்டு எங்களுக்கே தோன்றவில்லை. மாதத்தில் இருபதாம் திகதியோடு பகல் டேற்றா முடிஞ்சுபோகும். மிச்சப் பத்து நாளும் இரவு டேற்றா ஆருக்கும் பிரயோசனமில்லாமல் கிடக்கும்.

பிறகு மின்சாரம். நெடுந்தீவு பெருநிலத்துக் கம்பியில் இணைக்கப்பட்ட ஊர் இல்லை, அங்கேயே டீசலில் உற்பத்தி செய்துதான் குடுக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரியனும் கலந்த மின் திட்டம் ஒன்று 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் குடுக்கப்பட்டு நிண்டுபோய், பிறகு இந்தியா 1.1 கோடி டொலர் நன்கொடை தருவதாகி, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாங்கள் கடைசியாகப் போனபோதும் கேட்டது டீசல் இயந்திரத்தின்ர சத்தம்தான். கரண்ட் போய் வந்தால் பழைய டிஷ் பெட்டி விட்ட சனலிலேயே வந்து நிற்கும். புதுப்பெட்டி முதல் பக்கத்துக்குப் போய்விடும். சிலவேளை கணக்குக்குள் திரும்ப நுழையச் சொல்லி ஆங்கிலத்தில் கேட்கும். கடவுச்சொல் எங்கட போனில், நாங்கள் வகுப்பில்.

றிமோட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். பழைய டிஷ் றிமோட்டில் மூன்று இலக்கங்களின் பெயின்ற் முழுக்கத் தேய்ஞ்சு போயிருந்தது. அம்மம்மாவுக்கு எழுத்துத் தேவையில்லை, விரல் தானாகப் போகும். இருட்டிலும் மாத்துவா. பக்கத்து வளவு ஆச்சிக்கு எந்த இலக்கத்தில் எந்த நாடகம் எண்டு சொல்லிக்குடுக்கிற ஆளும் அவதான். அந்தப் பகுதியில் அதற்கு அவவுக்கு ஒரு மதிப்பு இருந்தது எண்டே சொல்லலாம். புது றிமோட்டில் இலக்கமே இல்லை. ஒரு வட்டம், ஒரு மைக். "மைக்கை அமத்திக் கதையுங்கோ அம்மம்மா, அது விளங்கிக்கொள்ளும்" எண்டு சொல்லிக்குடுத்திருந்தோம். அவ அமத்தி, "உந்தப் பழைய சிவாஜி படத்தைப் போடு மோனை" எண்டு கேட்டிருக்கிறா. அது 'மோவானா' கார்ட்டூன் படத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கு. போனில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சோம். அவவும் சிரிச்சா. அந்தச் சிரிப்போடு அந்த மைக்கை விட்டிட்டா எண்டது எங்களுக்குத் தெரியாது.

மார்ச் நடுவில், அவ சொல்லாததை பக்கத்து வளவு மாமா போன் எடுத்துச் சொன்னார். அம்மம்மா இரவு ஏழு மணிக்கு மேல படலையைத் திறந்து, ஒழுங்கை முடக்கில் டிஷ் இருக்கிற இன்னொரு வீட்டுக்கு நாடகம் பார்க்கப் போய் வந்திருக்கிறா. பெப்ரவரியில் இருந்து. அண்டைக்குத் திரும்பி வரேக்க கரண்ட் நிண்டிருக்கு. கல்வேலியில் இருந்து சரிஞ்சு கிடந்த கல்லொன்றில் கால் தடக்கி விழுந்திட்டா. கணுக்கால் வீங்கிப்போச்சு. நல்ல காலம், சுளுக்கு மட்டும்தான், எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். எலும்பு முறிஞ்சிருந்தால் அந்த நேரத்தில் பயணிகள் படகு இல்லை, நேவியின்ர படகைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேணும். எழுபத்து நாலு வயது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். "ஏன் அம்மம்மா எங்களிட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் காசு சேர்த்து வாங்கித் தந்தது. வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

கொஞ்ச நேரம் கழிச்சு அவவே சொன்னா: "ஆச்சியும் வாறேல்லை இப்ப."

அதுதான் விசயம். டிஷ் இருந்த காலத்தில் ஏழரைக்கு நாடகம் எண்டால் ஏழரைக்குத்தான். ஆச்சி ஏழேகாலுக்கு வந்து விறாந்தை வாங்கில் இருப்பா, மாமா தேத்தண்ணி குடிச்சிட்டு வருவார், முடக்கு வீட்டுப் பிள்ளை கொப்பியோடு வரும். ஆரும் ஆரையும் கூப்பிடத் தேவையில்லை. நேரத்தைச் சனல்காரன் குறிச்சு வைச்சிருந்தான். எங்கட பெட்டி வந்த பிறகு எப்ப வேணுமெண்டாலும் பார்க்கலாம். எப்ப வேணுமெண்டாலும் எண்டால் ஆச்சி எத்தனை மணிக்கு வாறது? ஒரு நாள் வந்தாவாம், அம்மம்மா பெட்டியோட மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தாவாம், பாவம் எண்டு நினைச்சுத் திரும்பிப் போய்விட்டாவாம்.

விலையை ஒப்பிட்டோம், தெளிவை ஒப்பிட்டோம், ஒப்பந்தம் இல்லை, விரும்பினால் நிப்பாட்டலாம் எண்டதைக்கூடப் பெரிசாகச் சொன்னோம். நாங்கள் திருநெல்வேலியில் காதில் ஒன்றைக் கொழுவிக்கொண்டு ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு தொடர் பார்க்கிறவர்கள். எங்களுக்கு வசதியான ஒன்றை, ஒரு மாலைநேரத்தைப் பத்துப் பேரோடு கழிக்கிற மனிசிக்கு வாங்கிக் குடுத்திருக்கிறோம். ஒரு பல்கலைக்கழக மாணவருக்கு இது விளங்க ஒரு கணுக்கால் தேவைப்பட்டது வெட்கம்தான்.

அண்டைக்கே அலுமாரிக்கு மேல இருந்த டிஷ் பெட்டியை இறக்கிப் பூட்டினோம். திருத்துறவரைப் பார்த்திருக்காமல் மாமாவும் நடு ஆளும் கூரையில் ஏறினார்கள். மூத்த ஆள் முற்றத்தில், கடைசி ஆள் ரீவிக்கு முன்னால். "இப்ப சரியோ?" "இல்லை, இன்னும் கொஞ்சம்!" அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினோம். அவ ஒன்றும் பேசேல்லை, சிரிச்சா.

ஆனால் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரவும் இல்லை. காரணம் நயினாதீவு. ஆனி மாதம் நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா யூரியூப்பில் நேரடியாகப் போனது. அம்மம்மாவால் இப்போது படகு மாறி மாறிப் போய்வர முடியாது, மூன்று வருசமாகத் தேருக்குப் போகவில்லை. டிஷ்ஷில் அத்தனை சனல் இருந்தும் எங்கட தீவுக் கோயில் ஒன்றை நாங்கள் ஒருநாளும் அதில் கண்டதில்லை. சென்னையில் ஒரு சமையலறைக்குள் நடக்கிற சண்டை வரும், குறிகட்டுவானுக்கு அங்கால உள்ள கடல் வராது. தேரன்று பெட்டியை நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து போனிலேயே இயக்கிக் குடுத்தோம். விறாந்தை நிறையச் சனமாம். டொரொண்டோவில் இருக்கிற மாமி அங்கே நித்திரை முழிச்சு அதே நேரடி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டு, அம்மம்மாவோடு போனில். "அம்மா, அந்த மூலையில நிக்கிறது எங்கட பெரியண்ணையெல்லே?" ஒரே தேரைக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அண்டைக்கு ஒரு நேரம் குறிச்சிருந்தது, அதால் ஆச்சியும் வந்திருந்தா.

டொரொண்டோ மாமி வீட்டுக் கணக்கில்தான் நாங்கள் முந்தி நெற்ஃபிளிக்ஸ் பார்த்தது. 2023இல் அந்த நிறுவனம் வீட்டுக்கு வெளியே உள்ளவர்களோடு பகிர்வதை இறுக்கிய பிறகு அது போய்விட்டது. 2025 ஜூலையில் ஸ்ரார்லிங்க் இலங்கைக்கு வந்தபோது, தீவுக்கு இதுதான் சரி எண்டு நடு ஆள் துள்ளினார். விலையைப் பார்த்திட்டு அமைதியாகிவிட்டார். திரும்பவும் கூரையில் ஒரு டிஷ்தானே எண்டு அம்மா கேட்டதற்கும் பதில் இல்லை.

இப்போது எங்கட ஏற்பாடு இப்படி. நாடகத்துக்கு டிஷ். திருவிழாவுக்குப் பெட்டி. படத்துக்குப் பென் ட்ரைவ். எங்கட சிம்மிலும் இரவு டேற்றா சும்மா கிடந்து அழிகிறது, அதில் நடுச்சாமத்தில் படங்களை இறக்குகிறோம். எல்லாமே முறையாக எடுத்தவை எண்டு சத்தியம் பண்ண மாட்டோம். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பென் ட்ரைவை சொப்பிங் பாக்கில் சுத்தி, பெயர் எழுதி, ஊருக்குப் போற ஆரிட்டையாவது குறிகட்டுவானில் குடுத்துவிடுகிறோம். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் படம். நேரத்தை அம்மம்மாதான் குறிச்சா.

பென் ட்ரைவ் ஒருநாளும் தனியத் திரும்பி வருவதில்லை. போன கிழமை புழுக்கொடியலோடு வந்தது. கூடவே கொப்பித்தாளில் ஒரு துண்டு, எழுத்து பக்கத்து வளவு மாமாவின்ரது: "இரண்டாவது படத்தில் சத்தம் காணாது. ஆச்சிக்குக் கேக்கேல்லையாம். சண்டைப்படம் இனி அனுப்பவேண்டாம். பழைய ஜெமினி படம் இருந்தா பாருங்கோ."