“ரிட்டன் லோடை முதல்ல பாரு!” - சங்ககிரியிலிருந்து கோலாலம்பூருக்குத் தனியாக ஒரு பயணம்

“கூட யார் வர்றாங்க?”

கோலாலம்பூர் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து விமானம் ஏறும்வரை இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, பால்காரர், பெங்களூரில் இருக்கும் மகன், மருமகள், சம்பந்தியம்மா... “யாரும் வரலைங்க, நான் மட்டும்தான்” என்றதும் எல்லோரும் ஒரே மாதிரி என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லீங்க” என்பார்.

எனக்கு வயது 54. ஊர் சங்ககிரி. எங்கள் பக்கத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்ககிரியில் லாரி, நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக். இந்த ஊர் ஆண்கள் கால் வைக்காத மாநிலம் இந்தியாவில் இருக்காது. என் வீட்டுக்காரரும் 31 வருஷம் லாரி ஓட்டியவர். அவருக்குக் கௌஹாத்தி தெரியும், காண்ட்லா தெரியும், கல்கத்தாவில் எந்தச் சந்தில் நல்ல டீ கிடைக்கும் என்றுகூடத் தெரியும். நான் தனியாக பஸ் ஏறிப் போன அதிகபட்ச தூரம் சேலம். அதுவும் பல் டாக்டரைப் பார்க்க.

பிறகு ஏன் இந்த வயதில் இந்த ஆசை என்று கேட்பீர்கள். 1999-ல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் நாக்பூர் அருகே அவர் வண்டி விபத்தில் சிக்கியது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. “கால் முறிஞ்சிருக்கு, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்” என்றார்கள். அன்று ராத்திரியே கிளம்பியிருக்க வேண்டும். எனக்கு எந்த ரயில் என்று தெரியாது, எங்கே மாறுவது என்று தெரியாது. கொழுந்தனாருக்குக் கரும்பு வெட்டு. அவர் கை ஓயும்வரை காத்திருந்து, அவர் கூட்டிக்கொண்டு போய் நான் நாக்பூர் போய்ச் சேர்ந்தது ஏழாம் நாள். அத்தனை நாளும் பக்கத்துப் படுக்கைக்காரர்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இன்றைக்கும் தோன்றும்.

போன வருஷம் வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். “எங்காச்சும் டூர் போலாங்களா?” என்று கேட்டேன். “நான் போனதெல்லாம் போதும். எனக்கு இப்ப வீட்ல உக்காந்திருக்கறதுதான் டூரு. நீ போயிட்டு வா” என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டேன்.

ஏன் கோலாலம்பூர்?

தனியாக முதல்முறை போகிறவளுக்கு மூன்று விஷயம் தோதாக இருந்தது. ஒன்று, திருச்சியிலிருந்து நேரடி விமானம். சுமார் நான்கு மணி நேரம்தான். சங்ககிரியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போவதைவிடக் குறைவு. இரண்டாவது, விசா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய்வரலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். மூன்றாவது, தமிழ். வழி கேட்க வாய் இருந்தால் போதும்.

போதாததற்கு, எங்கள் பக்கத்துக்கும் அந்த ஊருக்கும் ஏற்கெனவே போக்குவரத்து உண்டு. 2022 கடைசியில் மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது, நாமக்கல் முட்டைதான் கப்பல் ஏறிப் போனது. நாமக்கல் முட்டையே போய்விட்டு வந்த ஊருக்கு நான் போகக் கூடாதா?

லாரிக்காரர் போட்டுக் கொடுத்த பிளான்

பத்தாவது வரை படித்தவள் நான். வண்டிக் கணக்கு நோட்டை 18 வருஷம் எழுதியிருக்கிறேன். அதே மாதிரி ஒரு நோட்டில் பயணத் திட்டம் எழுத உட்கார்ந்தேன். சேலத்தில் தபால் நிலையத்திலேயே இயங்கும் பாஸ்போர்ட் சேவா மையத்தில் விண்ணப்பம், கட்டணம் 1,500 ரூபாய். இது முதல் வரி. அதற்கப்புறம் எழுதத் தெரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரிட்டன் லோடை முதல்ல பாரு” என்றார். போகிற லோடு யாருக்கும் கிடைக்கும், திரும்புகிற லோடு இல்லாமல் கிளம்புகிறவன்தான் மாட்டிக்கொள்வான் என்பது லாரிக்காரர் பாடம். விமானத்துக்கும் அது பொருந்தும். விசா வேண்டாம் என்பதற்காக அங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் அறை பதிவு செய்த தாள், செலவுக்குப் பணம் - மூன்றையும் குடியேற்ற அதிகாரி கேட்கலாம். காட்ட முடியாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்க வேண்டும். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் மலேசிய அரசின் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் உலவுகின்றன, ஏமாறாதீர்கள். மருமகள் போனில் சொல்லச் சொல்ல நானே நிரப்பினேன்.

“வெளிச்சத்துல ஊருக்குள்ள நுழை” என்றார் அடுத்து. புது ஊரில் ராத்திரி இறங்கினால் எல்லாத் தெருவும் ஒன்றுபோல் தெரியும். அதனால் இரவு திருச்சியில் ஏறி, காலையில் அங்கே இறங்கும் விமானமாகப் பார்த்தேன். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். விமான நிலையம் ஊருக்குள் இல்லை, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கே.எல். சென்ட்ரல் என்ற பெரிய ரயில் நிலையத்துக்கு விரைவு ரயில் 55 ரிங்கிட். பஸ்ஸுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு ரிங்கிட் சுமார் இருபது ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று எழுதிக்கொண்டேன்.

“ஒரு நாளைக்கு ஒரே ஒரு இறக்கம்” என்பது மூன்றாவது பாடம். நான் ஒரே நாளில் ஏழு இடம் எழுதி வைத்திருந்தேன். ஆறை அடித்துவிட்டார்.

“பில்லு இல்லாத சரக்கை ஏத்தாதே.” இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது. ‘எங்க மச்சான் அங்க இருக்கார், இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துடுங்க’ என்று யார் சொன்னாலும் வாங்கக் கூடாது. மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ‘எனக்குத் தெரியாமல் வந்தது’ என்று நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு பேர் என்னிடமும் கேட்டார்கள். ஊறுகாய்தானாம். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டேன்.

கடைசியாக, “பணத்தை மூணா பிரி. வழி தப்பினா வேகத்தைக் கூட்டாதே, ஓரங்கட்டு.”

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. “டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடலாங்களா?” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடையை எடுத்து என் பெட்டியில் வைத்தார். அங்கே வருஷம் பூராவும் மழை, அதுவும் சாயங்காலம் திடீரென்று கொட்டும் என்று எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார். அப்புறம் எப்படி கேன்சல் செய்வது?

சேறு கலந்த கூடுதுறை

குடியேற்றக் கவுன்ட்டரில் “எத்தனை நாள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஐந்து என்று சொல்லி, ரிட்டன் டிக்கெட்டை நீட்டினேன். அவ்வளவுதான்.

அறை எடுத்தது பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். முன்பு செங்கல் சூளைகள் இருந்ததால் அந்தப் பெயர். இன்று ‘லிட்டில் இந்தியா’. முக்கியச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய தலைவர் அவர். பூக்கடை, பாத்திரக் கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் நம் ஊர் கடைவீதி மாதிரிதான். மலாய் மொழியில் கடைக்கு ‘கெடாய்’ என்று போர்டு. நம் ‘கடை’தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. அறைக்குச் சொன்ன வாடகை போக, வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பத்து மலை. உள்ளூர் ரயிலில் நேரே கோயில் வாசலில் போய் இறங்கலாம். பெண்களுக்கென்று தனிப் பெட்டியும் இருக்கிறது. ஏறி உட்கார்ந்து ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்தால் மிட் வேலி. என் நோட்டில் அப்படி ஒரு ஊரே இல்லை. எதிர்த் திசை வண்டியில் ஏறியிருக்கிறேன்! கை நடுங்கியது. ‘ஓரங்கட்டு’ என்று சொன்னது ஞாபகம் வர, இறங்கி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பிறகு எதிர்ப் பக்க நடைமேடைக்குப் போய், ஒரு பெண்ணிடம் ‘பத்து கேவ்ஸ்?’ என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். அரை மணி நேரம் போனது. வேறொன்றும் போகவில்லை. இருபத்தைந்து வருஷமாக நான் பயந்தது இந்த அரை மணி நேரத்துக்குத்தானா என்று இருந்தது.

பத்து மலை முருகன் சிலை 140 அடி. 2006 ஜனவரியில் திறந்தார்கள். அதைச் செய்த திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதிதான் நம் ஆத்தூர் பக்கம் புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகனையும் செய்தவர். 2022 ஏப்ரலில் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. நம் முருகன் ஆறடி உயரம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. படிகள் 272. திருச்செங்கோட்டு மலையில் ஆயிரத்து இருநூறுக்கும் மேலான படிகளை ஏறிப் பழகியவர்களுக்கு இது திண்ணை ஏறுகிற மாதிரி. குரங்குகளிடம் மட்டும் ஜாக்கிரதை. கையில் பையைப் பார்த்தால் விடாது.

மூன்றாம் நாள் ஊர் நடுவே மஸ்ஜித் ஜாமெக். 1909-ல் கட்டிய பள்ளிவாசல். அங்கேதான் கிளாங் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கின்றன. ‘கோலாலம்பூர்’ என்றால் சேறு கலந்த கூடுதுறை என்று அர்த்தமாம். பவானி கூடுதுறையில் முங்கி எழுந்தவளுக்கு, அந்தப் பெயர் தெரிந்ததும் ஊரே சொந்தமாகிவிட்டது. அங்கிருந்து ரயிலில் இரட்டைக் கோபுரம். 452 மீட்டர் உயரம், 88 மாடி. மேலே போக முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். நான் கீழே பூங்காவில் உட்கார்ந்து விளக்கு எரியும்வரை பார்த்தேன். அதற்குக் காசு இல்லை.

நான்காம் நாளுக்கு எந்த இறக்கமும் வைக்கவில்லை. வாழையிலைக் கடையில் எதிரே ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். எழுபது வயதிருக்கும். அவருடைய தாத்தா சேலம் ஜில்லாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவராம். ஊர் பெயர் மறந்துவிட்டது என்றார். பிறகு அவரும் கேட்டார், “கூட யாரும்மா வந்திருக்கா?”

“யாரும் இல்லீங்கம்மா. நான் மட்டும்தான்.”

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். “எனக்கும் சேலம் பாக்கணும்னு ஆசைதான்லா. கூட்டிட்டுப் போக ஆள் இல்ல” என்றார். என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, திருச்சி விமானம், நாமக்கல் வழி, என் போன் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியாக ‘ரிட்டன் டிக்கெட்’ என்று எழுதினேன்.

செலவுக் கணக்கு

விமானம் போக வர 17,400. நான்கு இரவு அறை 9,600. அங்கே சாப்பாடு, ரயில், வரி, சிம் கார்டு, பேரனுக்கு பொம்மை எல்லாம் சேர்த்து 450 ரிங்கிட், அதாவது சுமார் 9,000. பயணக் காப்பீடு 600. பாஸ்போர்ட் 1,500. திருச்சி பஸ் போக வர 400. மொத்தம் 38,500 ரூபாய். சீசனைப் பொறுத்து விமானக் கட்டணம் ஏறும் இறங்கும். இரண்டு மாதம் முன்பே பார்த்து வையுங்கள். அங்கே பிளக் பாயின்ட் சதுரக் கால் மூன்று உள்ளது, அதற்கு ஒரு அடாப்டர் மறக்காதீர்கள்.

ஒவ்வொரு ராத்திரியும் அவருக்குப் போன் செய்தேன். “சாப்டாச்சா? எங்க நிக்கறே?” என்று கேட்பார். 31 வருஷம் நான் அவரைக் கேட்ட அதே கேள்வி. நான் போன் வைத்தபிறகும் அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த வேலையை அத்தனை வருஷம் செய்தவள் நான்தானே.

திருச்சிக்கு அவரே வந்திருந்தார். பஸ்ஸில் முசிறி தாண்டும்போது கேட்டார், “அடுத்து எங்க போறதா உத்தேசம்?”

“நாக்பூருங்க” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்கு ரெண்டு டிக்கெட்டாப் போடு” என்றார்.