சூட்டுக்கு வளையாதவை

ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் போகும் சாலையில் எண்ணெய்த் தொட்டிகளும் கொள்கலன் லாரிகளும்தான் கண்ணில் படும். பளுதூக்கிகள் கட்டடங்களுக்கு மேலே தலை நீட்டும்போதுதான் ஜொகூர் நீரிணை பக்கத்தில் இருப்பது புரியும். 1973இல் நிறுவப்பட்டு இன்று எம்எம்எச்இ என்ற பெயரில் இயங்கும் பெரிய கப்பல் தளம் இங்கேதான் இருக்கிறது. வெளியாள் உள்ளே போக முடியாது. அதனால், இந்த வட்டாரத்தின் சிறு தளங்களில் ஒப்பந்த வெல்டராக உழைத்து ஓய்வுபெற்ற மாமாவைத் தேடிப் போனேன்.

“கப்பல் கட்டுறதுல ரொம்ப வீணாப் போறது எது மாமா?”

இரும்பு என்றோ நேரம் என்றோ சொல்வார் என நினைத்தேன். “சூடு பண்ற வேலைதான்” என்றார். “ரெண்டு பிளேட்டை ஒட்டினா ஆறும்போது இழுக்கும். இழுத்தா வளையும். நிமிர்த்தணும், இல்லன்னா வெட்டி மறுபடி ஒட்டணும். ஒரே வேலையை ரெண்டு தடவை செய்யறோம்.”

இன்று கப்பலை அடியிலிருந்து முடிவரை ஒரே இடத்தில் வைத்துக் கட்டுவதில்லை. பிளாக் பிளாக்காகத் தனித்தனியே செய்து கடைசியில் சேர்க்கிறார்கள். பிளாக்குகளின் விளிம்பு சில மில்லிமீட்டர் பிசகினாலும் சேர்க்கும் இடத்தில் வெட்டும் தேய்ப்பும்தான். பின்னால் வரும் குழாய்க்காரர், மின்வேலைக்காரர், பெயின்ட் அடிப்பவர் எல்லோரும் காத்து நிற்பார்கள். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ பட்டியலிட்ட ஏழு வகை விரயங்களில் காத்திருப்பும் பழுதைத் திருத்துவதும் உண்டு. விரயத்தைக் குறைக்கும் டொயோட்டாவின் உற்பத்தி முறைக்கு ‘லீன்’ என்ற பெயர் 1988இல்தான் வந்தது.

கப்பல் தொழில் இதன் பெரும்பகுதியை அதற்கு முன்பே கற்றிருந்தது. யமாட்டோ போர்க்கப்பல் கட்டப்பட்ட ஜப்பானின் கூரே தளத்தை 1951இல் ஓர் அமெரிக்க நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. போர்க்காலத்தில் அமெரிக்காவின் கைசர் கப்பல் தளங்களில் பழகிய பிளாக் முறையை அந்த நிறுவனத்தின் எல்மர் ஹான் அங்கே கொண்டுவந்தார். ஜப்பானியர்கள் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வெல்டிங்கிலும் தகடு எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து குறித்துவைத்தார்கள். வெட்டும்போதே அந்த அளவைக் கூட்டி வெட்டினார்கள். ஆறியபின் தகடு தானே சரியான அளவுக்கு வந்துவிடும். இன்னொரு படியும் போனார்கள்: தகட்டின்மேல் கோடுகோடாகத் தீச்சுடரை ஓட்டித் தண்ணீர் தெளித்து, அந்தச் சுருக்கத்தைக் கொண்டே கப்பலின் வளைவுகளை உருவாக்கினார்கள். மனித அறிவின் மிக அழகான செயல்களில் இதையும் சேர்ப்பேன்.

பாசிர் கூடாங்கிலும் அந்தத் துல்லியத்துக்குச் சான்று உண்டு. சபா ஆழ்கடலுக்கான குமுசுட்-காக்காப் எண்ணெய்த் தளத்தின் மேற்பகுதியை 2012இல் இங்கேதான் மொத்தமாகத் தூக்கி, நான்கு தூண் கொண்ட மிதவையின்மேல் பொருத்தினார்கள். எடை 20,000 டன்னுக்கு மேல்.

மறுநாள் ஒரு வெந்நீர் ஊற்றைப் பார்க்கக் கிளம்பினேன்; மாமாவும் என்னோடு காரில் ஏறிக்கொண்டார். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைக் கடந்தபோது, சூட்டோடு போராடுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள் என்றேன். அங்குள்ள ஆய்வாளர் கோ கியான் மாவ் குழுவினர் பேராக்கின் சுங்கை கிளா, சிலாங்கூரின் டூசுன் துவா வெந்நீர் ஊற்றுகளிலிருந்து அனாக்ஸிபேசில்லஸ் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றுக்கு இட்ட எஸ்கே3-4, டிடி3-1 என்ற பெயர்களுக்குள் அந்த ஊர்களே ஒளிந்திருக்கின்றன. அவற்றின் அமிலேஸ் நொதி 60 டிகிரியில்தான் மும்முரமாக வேலை செய்து மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக உடைக்கிறது. மாவுக்கூழைச் சூடாக வைத்தே பதப்படுத்தும் ஆலைகள் இத்தகைய நொதிகளைத்தான் தேடுகின்றன. குளிரவைத்து மறுபடி சூடேற்றினால் எரிபொருள் வீண்.

வடக்கே லாபிஸ் வரை போனோம். ஜொகூரிலேயே இருக்கும் வெந்நீர் ஊற்று அது. எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழம் போய்ச் சூடேறித் திரும்பி வருகிறது. காலை நனைத்தபடி மாமா, “இதுக்குள்ள கிருமி வேகாம எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் தேடியதும் இதைத்தான். 1969இல் அவரும் ஹட்சன் ஃப்ரீஸும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்ட பாக்டீரியாவின் நொதி பின்னாளில் பிசிஆர் சோதனைக்கு அடிப்படையானது. கொரோனாக் காலத்தில் நம் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளில் பல இந்த வழியில்தான் சோதிக்கப்பட்டன. மாமாவுக்கு விளக்கினேன்: புரதம் மடிந்து கிடக்கும் சங்கிலி. சூடானால் மடிப்பு அவிழ்ந்து முட்டை வெள்ளைக்கரு போல இறுகிவிடும். வெந்நீரில் வாழும் உயிர்களின் புரதத்தில் உள்மடிப்பு நெருக்கமாக இருக்கும். எதிரெதிர் மின்னேற்றங்கள் பல இடங்களில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்.

“டேக் போட்ட மாதிரி” என்றார் உடனே. முழு வெல்டிங்குக்கு முன், தகடு நகராமலிருக்க அங்கங்கே வைக்கும் சிறு ஒட்டுதான் டேக். நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “லீன் கொண்டுவரோம்னு ஒரு தளத்துல மொதல்ல ஆளைத்தான் குறைச்சாங்க. எங்க டேக் போடணும், எங்கேர்ந்து ஒட்ட ஆரம்பிச்சா பிளேட் இழுக்காதுன்னு தெரிஞ்ச ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் கிரைண்டர் சத்தம் ராத்திரியிலயும் ஓயல.”