குழாயில் நேரம் எழுதச் சொன்ன சிஸ்டருக்கு

அன்புள்ள சிஸ்டர்,

நேரில் வந்து நன்றி சொன்னால், "போய் வேலையைப் பாரு பாப்பா" என்று விரட்டிவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். பெயர் போடவில்லை, போட்டால் அதற்கும் திட்டு விழும். கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களிடம் வேலை பழகியவர்களுக்கு இது யாருக்கான மடல் என்று சொல்லாமலே தெரியும்.

நர்சிங் படிப்பில் விதிமுறைகள் எல்லாவற்றையும் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தோம். ஆனால் கல்வராயன் மலையில் இரவு டியூட்டி என்றால் ஒரு நர்சு, ஒரு பணியாளர், அவ்வளவுதான். டாக்டர் வந்து சேரும்வரை நாம்தான். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. என்றாலும் வளைவுகளில் இறங்கி, கோமுகி அணையும் கச்சிராயபாளையமும் தாண்டி, கள்ளக்குறிச்சி போய்ச் சேர வேண்டும். மழை நாளில் மரம் விழுந்தால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் படித்தது நினைவுக்கு வருமா, கை தானாகப் போகுமா என்பதுதான் கேள்வி. கையைப் பழக்கியவர் நீங்கள்.

வெளிநோயாளிக் கூட்டம் கலைந்த மதிய நேரம் எங்களுக்குப் பயம். "பிரசவம் ஆயிடுச்சு, நஞ்சு விழுந்துடுச்சு, ரத்தம் நிக்கல. என்ன செய்வே?" என்று திடீரென்று கேட்பீர்கள். வாயால் பதில் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். ஓடிப் போய் எடுத்துவர வேண்டும். ஆக்சிடோசின் ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில், ஐவி செட் எந்த டிராயரில், ரத்தப்போக்கு அதிகமானால் கால் முதல் வயிறு வரை சுற்றி இறுக்கும் அந்த உடுப்பு எந்த அலமாரியில் என்று எங்களுக்குத் தெரிகிறதா எனப் பார்த்தபடி, கையில் கடிகாரத்தோடு நிற்பீர்கள். ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு அதையே செய்யச் சொன்னீர்கள். "கரண்டு போனா ரத்தம் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றீர்கள். எமர்ஜென்சி டிரேயைத் தடவியே அட்ரினலின் எது, அட்ரோபின் எது என்று எடுக்கப் பழகினோம். டார்ச் அடித்து லேபிளைப் படித்துக் காட்டாமல் ஊசியில் ஏற்றவும் விடமாட்டீர்கள். வேகமும் வேண்டும், சரிபார்ப்பும் வேண்டும்.

ஆக்சிஜன் சிலிண்டர் சாவியைச் சிலிண்டரோடு கயிறு போட்டுக் கட்டியிருந்ததை முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வேறு இடங்களில் வேலை பார்த்தபோதுதான், நோயாளிக்கு மூச்சு இழுக்கும் நேரத்தில் சாவியைத் தேடி ஆட்கள் நாலு பக்கமும் ஓடுவதைப் பார்த்தேன்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாம்புக்கடி. காட்டு ஓரத்து வயலில் மரவள்ளி பிடுங்கும்போதும், இருட்டில் வீடு திரும்பும்போதும் கடிபட்டு வருவார்கள். கூட வந்த பத்துப் பேரும் "ஊசி போடுங்க, ஊசி போடுங்க" என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நீங்கள் புதுக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுப்பீர்கள். கழுவிய குழாயைத் தொட விடமாட்டீர்கள், சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாமல் போய்ப் பொய்க் கணக்குக் காட்டும் என்பதால். அந்தக் குழாய்களுக்கென்றே தனி டப்பா வைத்திருந்தீர்கள். சிரையிலிருந்து ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டு, பிளாஸ்திரி ஒட்டி, அதில் நேரம் எழுதி, அசையாமல் நிறுத்துவீர்கள். 20 நிமிடம். நடுவில் யாராவது ஆசைப்பட்டு எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. அதைத் தொடங்குமுன் அட்ரினலின் ஊசியில் தயாராக இருக்க வேண்டும், மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

"உறைஞ்சிடுச்சுன்னு நிம்மதியா உக்காந்துடாதே, இமையைப் பாரு" என்பீர்கள். கட்டுவிரியன் கடியில் ரத்தம் உறையும், நரம்புதான் செயலிழக்கும். முதலில் இமை தொங்கும், பிறகு மூச்சு. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. நீங்கள் எங்களை அரை மணிக்கொரு தரம் நோயாளியின் முகத்துக்கு நேராக நிற்க வைத்து அந்த வரியைப் புரிய வைத்தீர்கள். விஷமுறிவு மருந்துக்கான விஷம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பிடிக்கும் பாம்புகளிலிருந்து வருவதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். மலைமக்களுக்கு இன்னொரு பழங்குடி மக்களின் கையால் மருந்து. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கித் தமிழ்நாடு அரசு ஆணையிட்டபோது எனக்கு உங்கள் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. சட்டம் கேட்பதற்கு முன்பே அங்கே ஒவ்வொரு கடிக்கும் ஒரு வரி இருந்தது.

எங்களைவிட உங்களுக்கு அதிகம் நன்றி சொல்ல வேண்டியவர் அந்த இரவுப் பணியாளர் அக்கா. அவரைக் கூட்டிப் பெருக்க வந்தவராக நீங்கள் நடத்தியதே இல்லை. சிலிண்டரைத் திறக்க, 108-க்கு இடம் சொல்லிப் பேச, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க என எல்லாம் அவருக்கும் பாடம். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்து, நான் இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம் மக்னீசியம் சல்பேட் போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண் கட்டிலிலிருந்து விழாமல் பிடித்துக்கொண்டு போனில் ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொன்னவர் அவர்தான்.

கூடவே இருந்து பழக்குவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களை எடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2017-இல் வெளிவந்தது. பாதி நிலையங்களில், உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்ற வைக்கப் பயிற்சியாளர்கள் எட்டு மாதம் வந்து போனார்கள். அவர்கள் வந்துகொண்டிருந்தபோது சுமார் 73 சதவீதம் முறைகள் கடைப்பிடிக்கப்பட்டன. பயிற்சியாளர் வருவது நின்றபின் பார்த்தால் 62 சதவீதம். தாய், சேய் மரணத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசமும் தெரியவில்லை. பட்டியலே வீண் என்று சிலர் இதைக் காட்டிப் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வந்து போகிறவர் சொல்வதற்கும், கூடவே நைட் டியூட்டி பார்க்கிறவர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் உங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தவறு நடந்தால் நோயாளி முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அறைக்குள் கூப்பிட்டு முதலில் "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று கேட்பீர்கள். நேரமில்லை என்று நாங்கள் சொன்னால் திட்டாமல் வேலையை மாற்றிப் பிரித்துத் தருவீர்கள். ஆனால் பதிவில் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலையை ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத் தினம் இரண்டு தடவை, 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். நேற்றைய எண்ணையே பார்த்து எழுதியிருந்தால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவீர்கள். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று நோயாளிகளை வைத்துச் சிகிச்சை தந்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மனிதரோடு அவருடைய சீட்டும் போக வேண்டும். என்ன குடித்தார், எத்தனை மணிக்கு, பார்வை எப்போது மங்கியது, என்ன மருந்து, எவ்வளவு, எந்த நேரத்தில் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். ரெஃபரல் சீட்டில் நேரம் எழுதாமல் ஆம்புலன்ஸ் கதவை மூட விடமாட்டீர்களே, அந்தப் பிடிவாதத்துக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

கல்வராயன் 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை. அரசாங்கம் தாமதமாகத்தான் மேலே ஏறியது. வந்த அரசாங்கத்தில் ராத்திரி கதவைத் தட்டினால் திறந்தவர்களில் நீங்கள் ஒருவர்.

சுகாதாரத் துறைப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மலை நிலையத்துக்குப் புதிதாக வரும் நர்சை முதல் வாரமே தனியாக இரவு டியூட்டியில் விடாதீர்கள். குறைந்தது ஒரு மாதமாவது அனுபவப்பட்ட ஒருவரோடு சேர்த்துப் போடுங்கள். அந்த மூத்தவர் சொல்லித்தரும் நேரத்தையும் டியூட்டியாகக் கணக்கெடுங்கள். சிஸ்டருக்கு அந்த நேரத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்களிடம் வேலை பழகிய ஒரு செவிலியர்