கட்டிலுக்கு அடியில் ஒரு வானவில்!

'இந்தச் சென்னை வெயில்ல யாருக்குடி ஸ்வெட்டர்?' - ஹாஸ்டலில் என்னைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன லேடீஸ் ஹாஸ்டல். ரூமுக்கு மூணு பேர். என் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே செமஸ்டர் நோட்ஸ் இருக்குன்னுதான் அப்பா நினைச்சுக்கிட்டு இருக்கார். பாவம்... மொத்தமும் உல்லன் நூல்!

சென்னைக்கும் உல்லனுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைக்காதீங்க பாஸ். 2016 ஜனவரி 31 அன்று, 'மதர் இந்தியா'ஸ் குரோஷே குயின்ஸ்' குழு உலகிலேயே பெரிய குரோஷா போர்வைன்னு கின்னஸ் சாதனை செஞ்சது இதே சென்னையில்தான். அளவு 11,148.5 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் ஏக்கர்!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தானாகவே பாரதி சாலைக்குப் போயிடும். பழைய ஆளுங்களுக்கு அது இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடு. பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் தேடுற கூட்டத்தைத் தாண்டி, பார்த்தசாரதி கோயில் பக்கம் நடந்தால் குட்டிக் குட்டி ஃபேன்ஸி ஸ்டோர்கள். வளையல், ரிப்பன், ஜாக்கெட் லேஸ் எல்லாத்துக்கும் மேலே, தூசி படிஞ்ச பாலிதீன் கவருக்குள் நம்ம ஐட்டம். 'அண்ணா, அந்த மஞ்சள்... அது இல்லை, அதுக்குப் பக்கத்து மஞ்சள்!'னு அவரை ஸ்டூல் மேல ஏற வெச்சு, கன்னத்தில் தேய்ச்சுப் பார்த்து வாங்குற சுகம் இருக்கே... அனுபவிச்சாத்தான் தெரியும்.

ரூமுக்கு வந்ததும் 'லேப் டெஸ்ட்'. ஒரு இன்ச் நூலை இடுக்கியில் பிடிச்சு, தீக்குச்சியைக் காட்டணும். முடி கருகுற வாசனை வந்து பொடியாச்சுன்னா நிஜக் கம்பளி. உருகி, மணி மாதிரி கெட்டியானால் அக்ரிலிக். நான் வாங்கினதில் முக்கால்வாசி மணிதான்! போகட்டும், துவைக்க ஈஸி.

'இவ்வளவையும் எப்போடி பின்னி முடிப்பே?' என்று ரூம்மேட் கேட்டப்போ பதில் தெரியலை. போன மாசம்தான் தெரிஞ்சது.

அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. தொட்டில் போடுற அன்னிக்கு, நான் பின்னின போர்வையோட போய் நிக்கணும்னு ஆசை. வெளிர் பச்சையில் ஆறு கண்டு வாங்கினேன். கால்வாசி பாக்கி இருக்கும்போது நூல் காலி. கையில் நாலே நாள். அதே கடை, அதே ஷேட் நம்பர்தான் வாங்கினேன். பக்கத்தில் வெச்சுப் பார்த்தால்... அது ஒரு பச்சை, இது ஒரு பச்சை! லேபிளைத் திருப்பினால் லாட் நம்பர் வேற. ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் சூடு, நேரம், தண்ணி கொஞ்சம் மாறினாலும் நிறம் இம்மி பிசகிடும். கெமிஸ்ட்ரியில் அரியர் வைக்காத எனக்கு இது தெரியாமப்போச்சே!

பெரிய தெரு, குளக்கரை, ஜாம்பஜார்னு ஏழு கடை ஏறி இறங்கினேன். பழைய லாட் எங்கேயும் இல்லை. கடைசிக் கடையில் அழாத குறையா நின்னப்போ, லேஸ் வாங்க வந்த ஒரு மாமி போர்வையை வாங்கிப் பார்த்தாங்க. 'இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிண்டு நிக்கறே? பதினஞ்சு வரி பிரிச்சுடு. பழைய நூல்ல ரெண்டு வரி, புது நூல்ல ரெண்டு வரின்னு மாத்தி மாத்திப் போடு. அப்புறம் முழுக்கப் புதுசு. எங்கே மாறித்துன்னு கண்ணுக்கே தெரியாது!'

பின்னினதைப் பிரிக்கும்போது வயிறு எரிஞ்சது. ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. ஆனால், அந்தப் போர்வையில் பாப்பா தூங்கினப்போ பச்சை எங்கே மாறுதுன்னு நானே தேட வேண்டியிருந்தது. அக்காவுக்கு இதுவரை தெரியாது... இதைப் படிக்கிற வரைக்கும்!

இப்போ என் பாலிசி ஒண்ணுதான். நிறம் பிடிச்சால், அதே லாட்டில் ரெண்டு கண்டு எக்ஸ்ட்ரா. அதனால டிரங்குப் பெட்டி மூட மாட்டேங்குது. அப்பா கேட்டால் செமஸ்டர் நோட்ஸ்னே சொல்லிடுங்க... ப்ளீஸ்!