விரும்பிய குரல்

மனிதன் தன் அடையாளங்களுள் எளிதிற் களைந்துவிட முடியாதது குரலாகும். உடையை மாற்றலாம், பெயரைக்கூட மாற்றலாம். வாயைத் திறந்த கணத்திலேயே ஊர், வர்க்கம், ஆண் பெண் என்னும் பேதம் யாவும் வெளிப்பட்டுவிடுகின்றன. மலையகத்திலிருந்து வந்து சேர்ந்த மாணவன் பாடம் வாசிக்க எழும்போது பின்வாங்குகளில் எழும் சிரிப்பை நாம் அறிவோம். ஆகவே, இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில் ஆடுவோர் தம் பாத்திரத்தின் குரலைத் தாமே தெரிந்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டை இளைஞரின் வீண் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

இவ்விளையாட்டுகளிலே பல நாட்டவரும் ஒரே கற்பனை உலகிற் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் முதலில் தமக்கென ஒரு பாத்திரத்தைச் சமைத்துக்கொள்ள வேண்டும். மூக்கின் நீளம், தோலின் நிறம், கூந்தலின் சுருள் என்பவற்றை எண்ணிறந்த வகையாக மாற்றலாம். குரலுக்கு வந்ததும் பட்டியல் சட்டெனச் சுருங்கிவிடுகின்றது. காரணம் மறைபொருளன்று. முகத்தைக் கணினி வரைகின்றது. குரலை மனிதர் ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பேசித் தரவேண்டியிருந்தது. 2011இல் வெளிவந்த ‘ஸ்ரார் வோர்ஸ்: த ஓல்ட் ரிப்பப்ளிக்’ என்ற விளையாட்டிற் பதிவாகிய வசனங்கள் 200,000க்கும் மேற்பட்டவை. அதில் எண்வகைப் பாத்திரங்களுக்கும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என 16 குரல்கள், தெரிவு அவ்வளவே. இன்னுமொரு குரலைச் சேர்ப்பதாயின் அப்பாத்திரத்தின் வசனமனைத்தையும் இன்னொருவர் முதலிலிருந்து பேசித் தீர்க்கவேண்டும். மாறாக, 2013இல் மறுபிறவி எடுத்த ‘ஃபைனல் ஃபன்ரஸி 14’ இற் குரல்கள் பல உள. ஆனால் கதை நிகழுமிடங்களிலே நாயகன் ஊமை. அடிபட்டால் முனகுவான், வெட்டினால் முழங்குவான், அழைத்தால் சிரிப்பான். பேச்சு வேண்டுமாயின் தெரிவு இல்லை; தெரிவு வேண்டுமாயின் பேச்சு இல்லை.

அந்தச் சிறு பட்டியலில் யார் யார் இடம்பெறுகின்றனர் என்பது வேறொரு கேள்வி. 2014இல் வந்த ‘ட்ராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு இரண்டு எனக் குரல் தந்தது. ஒன்று பிரித்தானிய உச்சரிப்பு, மற்றது அமெரிக்க உச்சரிப்பு. மனிதன் மட்டுமன்றிக் குள்ளனாகவும் கொம்பு முளைத்த பூதமாகவும் பிறக்கலாம். பேசுவது இலண்டன் மொழியா அமெரிக்க மொழியா என்பதற்கு அப்பால் அவன் கற்பனை செல்லலாகாது! எனினும், ஒரு கட்டு அவிழ்ந்திருப்பதை மறுத்தலும் தகாது. 2023இல் வந்த ‘பல்டர்ஸ் கேற் 3’ இல் நால்வர் வரை சேர்ந்து ஆடலாம். அதில் எவ்வுடலுக்கும் எக்குரலையும் பொருத்திக்கொள்ளலாம். ஆணுடலுக்கு ஆண்குரலே என்ற நியதி அங்கே இல்லை.

இது ஏமாற்று வித்தை, பொய்க்குரல் என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் எம் ஆசிரியர் அறையிலும் உளர். மட்டக்களப்புக் கூத்துக் களரியிலே பெண்வேடம் புனைந்த ஆடவன் குரலை இளக்கிப் பாடும்போது விடியவிடிய இருந்து கேட்டவர்கள், பிள்ளைகளிடம் மட்டும் பொய்யைக் காண்பது வியப்பே.

உண்மையிற் கவலைக்குரிய பொய் வேறிடத்தில் உள்ளது. பாத்திரத்தின் குரல் ஒன்று; அதை ஆட்டுவிப்பவர் ஒலிவாங்கி மூலம் தோழருடன் உரையாடும் சொந்தக் குரல் மற்றொன்று. எமது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, விவாத மேடையிலே எவரையும் விட்டுவைக்காதவள், இவ்விளையாட்டில் ஆண்குரல் வீரன் ஒருவனாகவே உலவுகின்றாள். ஒலிவாங்கியை ஒருபோதும் திறப்பதில்லை. காரணம் கேட்டோம். “சேர், என்ர ஆள் ஆம்பிளைக் குரலிலை கத்தினால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். நான் மைக்கைத் திறந்து கதைச்சால்தான் துவங்கும்” என்றாள்.

அவள் கூற்றை ஆய்வும் தாங்கிநிற்கின்றது. அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், ‘ஹேலோ 3’ என்ற சுடுகள விளையாட்டில் முன்னரே பதிவுசெய்த தீங்கற்ற சொற்களை ஒருமுறை ஆண்குரலிலும் ஒருமுறை பெண்குரலிலும் ஒலிக்கவிட்டனர். பெண்குரலுக்குக் கிடைத்த இழிமொழி ஆண்குரலுக்குக் கிடைத்ததைப்போல் மும்மடங்கு. சொல் ஒன்றே, குரல் மட்டுமே வேறு. இந்நிலையில் எம் மாணவிக்குக் கிடைத்தது விரும்பிய குரலா, ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பா? மறைப்பாயினும் அதை அவளிடமிருந்து பறிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயின், மறைப்பை விற்றுவிட்டு அதற்குச் சுதந்திரம் எனப் பெயர்சூட்டும் கம்பனிகள், ஏசுவோனை வெளியேற்றுவதிலும் அதே ஊக்கத்தைக் காட்டவேண்டுமன்றோ?

இனி, அந்த வீரன் எழுப்பும் முழக்கம் யாருடையது? அதற்கும் ஒரு தொண்டை உண்டு. 2016 ஒக்டோபரில் அமெரிக்க நடிகர் சங்கமாகிய ஸாக்-அஃப்ட்ரா விளையாட்டுக் கம்பனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியபோது முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, அலறலும் மரண ஓலமும் பதிவுசெய்யும் அமர்வுகளை இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்கவேண்டும் என்பதாகும். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை தொண்டை கிழியக் கத்தும் எம்மைப் போன்றோர்க்கு இக்கோரிக்கையை யாரும் விளக்கவேண்டியதில்லை.

இப்பொழுது தொண்டையே வேண்டாம் என்கின்றனர். பதிவான குரலைக் கணினிக்குப் பயிற்றினால் அது புதிய வசனங்களைத் தானே பேசுகின்றது. முன்னர் சொன்ன தடை இதனால் நீங்கக்கூடும்: குரல்கள் நான்கல்ல, நானூறாகலாம், எம் மலையகச் சிறுவனின் பேச்சும் ஒருநாள் அப்பட்டியலில் ஏறலாம். இந்த ஆசை எமக்கும் உண்டு, மறைப்பானேன்? ஆனால், அச்சிறுவனின் ஊரார் ஒருவரது குரலை வருடி எடுத்து, அவரைக் கேளாமலும் கூலி கொடாமலும் செய்த பட்டியல் எமக்கு வேண்டாம்.

இதே வழக்குக்காகவே அந்நடிகர்கள் 2024 யூலை 26ஆம் நாள் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ 11 மாதங்கள் நின்று, 2025 யூனில் அதனை இடைநிறுத்தினர். யூலையில் உறுப்பினர் வாக்களித்துப் புதிய ஒப்பந்தத்தை ஏற்றனர். ஒருவரின் குரலைக் கணினியாற் படியெடுப்பதற்கு அவரது சம்மதம் வேண்டும்; எதற்குப் பயன்படுத்தப்படும் என்பதை அவருக்குச் சொல்லவேண்டும். இன்னொரு விதி எம்மை மிகவும் மகிழ்வித்தது: வேலைநிறுத்தக் காலத்திலே தன் குரற்படியைக் கொண்டு புதிய வசனம் செய்வதற்கான சம்மதத்தை நடிகர் இடைநிறுத்தலாம். தொழிலாளி வாசலில் மறியல் செய்ய, அவனது குரலே உள்ளே கருங்காலியாய் வேலை செய்யும் விந்தை அதனால் தடுக்கப்படுகின்றது. அந்த ஒப்பந்தமோ அமெரிக்கச் சங்கத்தோடு கைச்சாத்திட்ட கம்பனிகளையே கட்டுப்படுத்தும். சங்கமின்றித் தனித்தனியே ஒலிப்பதிவுக்குச் செல்லும் பிறநாட்டு நடிகர்கள், தமக்கு நீட்டப்படும் தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை ஒவ்வொருவராய் வாசித்தே கையொப்பமிடவேண்டியுள்ளது.